சொலரோலோவில் இறங்கியவர்

இத்தாலியில், பொலோஞ்ஞாவில் நான் தங்கியிருந்த மலிவு ஹோஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். எட்டுப் பேரிலும் குறட்டை விட்டது நான் ஒருத்திதான் என்று மூன்றாம் நாள் காலை ஒரு போர்த்துக்கல் பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று ரவென்னாவுக்குப் போகவேண்டும். பொலோஞ்ஞா செங்கல் நிறக் கோபுரங்களின் ஊர். ரவென்னா அதைவிடப் பழையது, கண்ணாடிச் சில்லுகளால் தேவாலயக் கூரைகளுக்கு நிறம் கொடுத்த ஊர். இரண்டுக்கும் இடையில் உள்ளூர் ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. பொலோஞ்ஞாவில் மழை ஒரு பொருட்டே இல்லை. தெருவுக்குத் தெரு கடைகளுக்கு முன்னால் தூண் வைத்த கூரைகள். குடை விரிக்காமலே பாதி ஊரைச் சுற்றலாம். மொன்ட்ரியாலில், வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து மெத்ரோ ரயிலுக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் இப்படி ஒரு கூரை இருந்தால் பனிக்காலத்தில் எத்தனை பேரின் இடுப்பு முறியாமல் தப்பும் என்று நினைத்தேன். உப்பும் எண்ணெயும் பூசிய தட்டை ரொட்டி ஒன்றை வாங்கிப் பாதியைத் தின்று, மீதியைக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதல்தடவையாகத் தனியே போன பயணம் இது. வயது நாற்பத்தாறு. மொன்ட்ரியால்-நோரில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, நினைவு தப்பியவர்கள் வெளியே போய்விடாமல் பார்ப்பது. இந்த இரண்டு கிழமை விடுமுறையிலும் ஒருவரையும் தூக்கி இருத்தமாட்டேன், ஒருவருக்குப் பின்னாலும் ஓடமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ரயில் நிலையத்திலேயே ஓட வேண்டியதாயிற்று. பலகையில் மூன்றாம் மேடை என்று இருந்தது. மூன்றாம் மேடையில் போய் நின்றேன். ரயில் வரும் நேரத்துக்குத்தான் பலகையில் எண்ணுக்குப் பின்னால் இன்னொரு சொல் இருப்பதைக் கண்டேன். மேற்கு. அந்த நிலையத்தில் வெறும் மூன்றும் உண்டு, மேற்கு மூன்றும் உண்டு. நடுவில் ஒரு நீண்ட நடை. பாதி வழியில், டிக்கெட்டை மெஷினில் முத்திரை குத்தாமல் ஏறினால் தண்டம் என்று ஹோஸ்டலில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. முதல் மெஷின் வேலை செய்யவில்லை. இரண்டாவது டிக்கெட்டின் ஓரத்தைக் கடித்து முத்திரை குத்தியது. எங்கள் மெத்ரோவில் கார்டு வைக்காவிட்டால் கதவே திறக்காது, பிழைவிடவும் வழியில்லை. இங்கே எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, பிழை முழுக்க நம் தலையில்.

மூச்சிரைக்க ஏறி, கண்ட முதல் இருக்கையில் விழுந்தேன். எதிரே இரண்டு பேர். ஒருவர் எண்பது கடந்த இத்தாலியர். கபில நிறக் கோட்டு, பளபளப்பாகத் துடைத்த சப்பாத்து, மடியில் தொப்பி. இடக்கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். முதியவர் கண் பஞ்சைத் தடவப்போக, அவர் கையை மெல்லப் பிடித்தார்.

"ஐயா, அதைத் தொடாதேங்கோ. மறுகா நோகும்."

பிறகு என்பதற்கு மறுகா என்ற அந்த ஒரு சொல்லே போதும், ஊரைச் சொல்ல.

"தம்பி மட்டக்களப்போ?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்து, பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "வாழைச்சேனை அக்கா. நீங்க?"

"திருகோணமலை. இப்ப மொன்ட்ரியால்."

பெயர் அன்ரன். இத்தாலிக்கு வந்து ஏழு வருடம். நான்கு வருடமாக இந்த முதியவரின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறார். முதியவர் பெயர் ஜீனோ. வீடு ரவென்னாவில். பொலோஞ்ஞாவில் கண் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். வழக்கமாக ஜீனோவின் மகள் பாவுலா காரில் கூட்டிப்போவாராம். கார் திருத்தக் கொடுத்திருப்பதால் இன்றைக்குத்தான் முதல்தடவையாக ரயில்.

"இவரோட தமிழிலயா கதைக்கிறீர்?"

"இத்தாலி தெரியும் அக்கா. ஆனா நாள் முழுக்க ஆர் இத்தாலியில கதைக்கிறது? இவருக்கு எந்தப் பாசையில சொன்னாலும் ஒண்டுதான், அஞ்சு நிமிசம் நிக்காது. அதால நான் என்ட பாசையில சொல்லுவன்."

"சரி, சரி," என்றார் ஜீனோ, வெளியே பார்த்தபடி. தெளிவான தமிழ்ச் சரி. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

என் தொழிலைச் சொன்னதும் அன்ரனுக்குப் பெரிய மகிழ்ச்சி. அதன்பிறகு ஒரே தொழில் செய்பவர் இருவர் சந்தித்தால் பேசும் பேச்சுத்தான். இடுப்பு வலி, இரவில் எழும்புவது, முதியவர்களின் மகள்மார் காட்டும் கோபம். அன்ரனின் மனைவியும் பிள்ளையும் வாழைச்சேனையில். அவர்களை இங்கே கூப்பிட மனுப் போட்டிருக்கிறார். "இந்த வேலை ஒப்பந்தம் கையில இருக்கவேணும் அக்கா. அது போனா எல்லாம் போச்சு."

இமோலா நிலையம் கடந்தது. கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்ரன் வயிற்றைப் பிடித்தார். இன்னும் ஒரு நிலையம் பொறுத்தார். பிறகு எழுந்தார்.

"அக்கா, ரெண்டு நிமிசம். ஐயாவைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ. எழும்பமாட்டார், ஆனா கண்ணை மட்டும் எடுக்காதேங்கோ."

"போயிட்டு வாரும். புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்கு நான் சொல்லிக்குடுக்கிற முதல் பாடமே அதுதான்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பெட்டியின் கழிப்பறை பூட்டியிருந்தது. அன்ரன் அடுத்த பெட்டிக்குப் போனார். ரயில் வேகம் குறைத்தது. என் போன் அதிர்ந்தது. மகள். வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, எந்தச் சுவிட்சைப் போடுவது? மொன்ட்ரியாலில் அப்போது அதிகாலை. குளிரில் எழும்பி இருக்கிறாள். சமையலறைக்குப் பின்னால் உள்ள பெட்டியில், மேலிருந்து நாலாவது என்று எழுதினேன். எது மேல் என்று கேட்டாள். எழுதினேன். நிமிர்ந்தேன்.

எதிர் இருக்கை காலி.

ரயில் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஈர மேடையில், தொப்பியைத் தலையில் வைத்தபடி ஜீனோ நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

போன் கையிலிருந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. பையை நினைக்கவே இல்லை. பாஸ்போர்ட்டும் அதற்குள்தான். பாய்ந்து இறங்கினேன். ஐந்தடி வைத்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் கதவுகள் மூடும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடிக் கண்ணாடியில் தட்டினேன். ரயில் போய்விட்டது.

அந்த அமைதியை இப்போதும் மறக்க முடியவில்லை. ஊழியர் இல்லாத சின்ன நிலையம். மூடிய காத்திருப்பு அறை, பெயர்ப் பலகை, அதில் சொலரோலோ. தண்டவாளத்துக்கு அப்பால் இலை உதிர்ந்த மரங்கள், கிளையெல்லாம் செம்மஞ்சள் நிறப் பழங்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மனிதர் இல்லை. ஜீனோ மேடையின் கோடியில் இருந்த சிறு கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விட்டார். எண்பது வயதுக்கு வேகமான நடை. போகும் இடம் தெரிந்த நடை.

ஓடிப்போய்ப் பிடித்தேன். எங்கள் இல்லத்தில் இதற்கு முறை உண்டு. முன்னால் போய் மறிக்கக்கூடாது. கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பக்கத்தில் நடக்கவேண்டும், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவேண்டும். கேட்டேன், பிரெஞ்சில். இத்தாலியனுக்குப் பிரெஞ்சு கொஞ்சமாவது பிடிபடும் என்று நினைத்தேன். அவர் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பார்வையில் பயம். "வியா! வியா!" என்று கையை வீசினார். போ என்று அர்த்தம் என எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆங்கிலத்தில் கெஞ்சினேன். இன்னும் வேகமாக நடந்தார்.

தெரு வளைந்து தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. சிவப்பு விளக்கு. சிவப்பும் வெள்ளையும் பூசிய நீண்ட கம்பம் இறங்கிவந்து தெருவை அடைத்தது. தூரத்தில் ரயிலின் ஊதல். ஜீனோ நிற்கவில்லை. பஞ்சு ஒட்டிய கண் பக்கம்தான் ரயில் வரும் திசை. கம்பத்தின் மேல் ஒரு கையை வைத்தார். குனிந்தார்.

முறை எல்லாம் மறந்துபோயிற்று. பின்னாலிருந்து கோட்டைப் பிடித்தேன். அவர் முழு வலுவோடு உதறினார். பிடி நழுவி நான் முழங்காலில் விழுந்தேன். அவர் தலை கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஐயா! நில்லுங்கோ! அங்கால போகாதேங்கோ!"

அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். மொழி எது என்று நான் தெரிவு செய்யவில்லை.

அவர் நின்றார். குனிந்தபடியே, ஒரு கணம், யாரோ வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டதுபோல. பிறகு தலையை இந்தப் பக்கம் எடுத்தார்.

"சரி," என்றார்.

"இஞ்சால வாங்கோ ஐயா. என்னட்ட வாங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

"சரி, சரி."

வந்தார். நான் எழும்பி அவர் கையை என் கைக்குள் பூட்டிக்கொண்டேன். சாமான் ரயில் ஒன்று நிலையத்தில் நிற்காமல் வந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாததுபோல் போனது. அதன் காற்றில் அவர் தொப்பி பறந்தது.  நான் நிறுத்தாமல் தமிழில் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மகளைப் பற்றி, ஹீட்டரைப் பற்றி ஏதோ. பதினான்கு வருடம் பிரெஞ்சில் மட்டுமே பார்த்த வேலை. தமிழ் எனக்குத் தேவைப்பட்ட முதல் நோயாளி ஒரு இத்தாலியர்.

கம்பம் உயர்ந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு பெண்மணி வந்தார். அறுபதைத் தாண்டியவர், ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் சைக்கிளை வேலியில் சாய்த்தார். "ஜீனோ!" என்று கூவி அவர் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். ஜீனோவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் இல்லாத தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். பெண்மணி பள்ளத்தில் கிடந்த தொப்பியை எடுத்து, தட்டி, அவர் தலையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீ யார் என்ற கேள்வி.

கைகளால் சொன்னேன். ரயில், போய்விட்டது. இன்னொருவர், அதற்குள். போன், அதற்குள். அவருக்குப் புரிந்தது. தன் போனை எடுத்தார். யாரை அழைப்பது? அன்ரனின் எண் எனக்குத் தெரியாது. ஜீனோவின் மகளின் எண் அவருக்குத் தெரியாது. "போலீஸ்?" என்று கேட்டார்.

மொன்ட்ரியாலில் என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அழைத்திருப்பேன். அது விதி. ஆனால் போலீஸ் வந்தால் எழுதுவார்கள். பொறுப்பாக இருந்தவர் யார் என்று எழுதும் இடத்தில் அன்ரனின் பெயர்தான் விழும், அவர் ஒப்பந்தமும் போகும். ஆள் என் கையில் பத்திரமாக இருக்கிறார். நான் ஒரு விரலைக் காட்டினேன். "ஒரு ரயில்." திரும்பி வரும் ரயிலில் அன்ரன் வராவிட்டால் அழைக்கலாம். செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடை வாங்கில் மூவரும் உட்கார்ந்தோம். பெண்மணி சைக்கிள் கூடையிலிருந்து அந்தச் செம்மஞ்சள் பழங்களில் மூன்றை எடுத்துத் தந்தார். தோல் மெல்லியது. உள்ளே கூழ், தேன்போல் இனிப்பு. ஜீனோ ஒன்றை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகுதான் கடித்தார். நான் ஒரு கடியோடு நிறுத்திக்கொண்டேன். நிலையத்துக் கடிகாரத்தின் பெரிய முள் துள்ளித் துள்ளி நகர்ந்தது. மூன்று தடவை ஜீனோ எழும்பினார். மூன்று தடவையும் "இருங்கோ ஐயா" என்றேன். மூன்றாவது தடவை அவர் கோட்டின் நுனியையும் பிடித்துக்கொண்டேன்.

ரயில் வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து என் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி அன்ரன் குதித்தார்.

என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஜீனோவின் முன்னால் முழங்காலிட்டார். கண் பஞ்சு, கை, விரல்கள், சப்பாத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் மடியில் நெற்றியை வைத்தார்.  ஜீனோ பழக் கையாலேயே அவர் தலையைத் தடவினார்.

அன்ரன் எழும்பியபோது முகம் கல்லாக இருந்தது. "அக்கா," என்றார், "உங்களை நம்பித்தானே விட்டிட்டுப் போனன்."

"ஓம் தம்பி. பிழை என்னில."

"ரெண்டு நிமிசம்தானே கேட்டன்."

 அடுத்த நிலையமான லூகோவில் இறங்கி, மகள் பாவுலாவுக்குப் போன் செய்ததாக அன்ரன் சொன்னார். மறைக்க முடியவில்லை.  ஆள் கிடைத்துவிட்டார் என்று இப்போது இரண்டாம் தடவை அழைத்தார். அந்தப் பக்கம் இரண்டு சொல். தொடர்பு அறுந்தது.

பெண்மணியிடம் நன்றி சொல்லி, அடுத்த ரயிலில் ஏறினோம்.  ஜீனோவை ஜன்னல் பக்கம் இருத்தி, ரவென்னா வரைக்கும் நானும் அன்ரனும் இரண்டு காவல்காரர்போல் வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

பாவுலா மேடையிலேயே நின்றார். உயரமான பெண், நரைத்த குட்டை முடி, மழைக்கோட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. அப்பாவின் முகத்தை இரு கையாலும் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அன்ரன் பக்கம் திரும்பினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இருக்கவில்லை. குரல் உயர உயர மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரன் தலை குனிந்து "சி, சிஞ்ஞோரா", ஓம் அம்மா, என்று மட்டும் சொன்னார். கையை நீட்டி என்னைக் காட்டவில்லை. என் பெயரை எடுக்கவில்லை.

வெளியே போகும் கதவு இருபது அடி தூரத்தில் இருந்தது. பை என் தோளில். யாரும் என்னைத் தடுக்கப்போவதில்லை. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, கதவை ஒருமுறை பார்த்தேன்.

"மேடம்," என்றேன் பிரெஞ்சில், "பிழை அவருடையது இல்லை. என்னுடையது."

அவர் நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் படித்த, தட்டுத்தடுமாறும் பிரெஞ்சில் கேட்டார்: "நீங்கள் யார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நான் கனடாவில் இதே வேலை செய்பவள் என்று, பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் என்று. போனைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். தண்டவாளக் கம்பத்தடியில் நடந்ததையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டபோது அவர் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தார். என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எந்த நிலையம்?" என்றார்.

"சொலரோலோ."

அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். 

"அங்கே பழங்களைத் தரம் பிரித்து அடுக்கும் கூட்டுறவுச் சங்கம் இருந்தது," என்றார். "அப்பா முப்பது வருடம் அங்கே வேலை செய்தார். ஒவ்வொரு காலையும் ரயிலில் போய் அந்த நிலையத்தில் இறங்குவார். சங்கம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்." அன்ரனைக் கையால் காட்டினார். "அந்த ரயில் அங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் இவனுக்குச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை."

அன்ரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்ததும் கண்களை மூடிக்கொண்டார்.

பாவுலா எழும்பினார். என்னிடம் நன்றியும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை. அப்பாவின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்து, அன்ரன் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு திரும்பினார். இத்தாலியில் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்லுறா?" என்றேன்.

"ஏன் நிக்கிறாய், மற்றக் கையைப் பிடி, சாப்பாடு ஆறுது எண்டு சொல்லுறா," என்றார் அன்ரன்.  போகமுன் என் பக்கம் குனிந்தார். "அக்கா, உங்களை நம்பித்தானே எண்டு அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது நான்."

"சொல்லவேண்டியதைத்தான் சொன்னீர். போங்கோ, ஐயா நிக்கிறார்."

மூவரும் கதவைத் தாண்டிப் போனார்கள். நான் வாங்கில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். பாஸ்போர்ட் இருந்தது. போனை அன்ரன் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். மகளிடமிருந்து ஒரே ஒரு செய்தி: சூடு வந்துவிட்டது.

பின்னேரம், மூடுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது, ரவென்னாவின் பழைய தேவாலயங்களில் ஒன்றுக்குள் போனேன். இந்தக் கண்ணாடிச் சில்லுக் கூரைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்து நின்றது. மேலே பச்சையும் பொன்னுமாக ஏதோ மின்னுவது தெரிந்தது. நானும் நிமிரப் போனேன். வாசலுக்குப் பக்கத்தில், கல் திண்டில், ஒரு வயதானவர் தனியே இருந்தார். தடி காலடியில் கிடந்தது. வாசலைப் பார்த்தபடி எழும்ப முயன்றார். பிறகு உட்கார்ந்தார். மறுபடி முயன்றார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு தூணில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். அவர் மனைவி கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, தடியை எடுத்துக் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து எழுப்பினார்.

அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியிருந்தார்.